செங்டுவில் மூட்டம், எமெய் உச்சியில் வெயில்

நேயர்களுக்கு வணக்கம்.

சீனாவின் தென்மேற்கே, சிச்சுவான் மாகாணத்தின் தலைநகர் செங்டு. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 2 கோடியே 9 லட்சம். அங்கே முதல் மெட்ரோ ரயில் ஓடியது 2010 செப்டம்பரில்தான். இன்று மெட்ரோ பாதையின் நீளம் 600 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. 2021இல் தியான்ஃபு என்ற இரண்டாவது விமான நிலையமும் வந்துவிட்டது.

இந்த நகரத்துக்குப் போகிறவர்கள் பலர் முதல் நாளே சோர்ந்துபோவது வானத்தைப் பார்த்துத்தான். செங்டு ஒரு பெரிய படுகையின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. சுற்றிலும் மலை, ஈரக் காற்று வெளியேற வழியில்லாமல் மேகமாகத் தங்கிவிடுகிறது. இந்தப் பக்கத்து நாய்கள் சூரியனைக் கண்டால் குரைக்கும் என்று சீனத்தில் பழமொழியே உண்டு. “இந்த மூட்டத்தில் மலைக்குப் போய் எதைப் பார்ப்பது?” என்று, அங்கிருந்து ரயிலில் போய் வரக்கூடிய பௌத்தப் புனித மலையான எமெய்க்குப் போகும் பயணத்தை ரத்து செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். படுகையை மூடும் மேகம் பல நாட்களில் தாழ்வாகவே நிற்கும். எமெய் மலையின் பொன்னுச்சி 3,077 மீட்டர். நகரத்தில் தலைக்கு மேல் சாம்பல் நிறமாகக் கிடந்த அதே மேகம், அங்கே காலுக்குக் கீழே வெள்ளைக் கடலாக விரிந்து கிடக்கும். குளிர்காலத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம். ஜூலை, ஆகஸ்டு மழை மேகம் உயரமானது. உச்சியையும் சேர்த்து விழுங்கிவிடும். ஆகவே செங்டுவின் வானிலையைப் பார்த்து முடிவெடுக்காமல் உச்சியின் வானிலையைப் பாருங்கள். பயணத்தில் ஒரு நாளை மாற்றிக்கொள்ள இடம் வைத்திருங்கள்.

செங்டுவிலிருந்து எமெய்க்கு அதிவேக ரயில் 2014 டிசம்பரில் வந்தது. ஒன்று, ஒன்றரை மணி நேரப் பயணம். சீட்டு வாங்கும்போது நிலையத்தின் பெயரைக் கவனியுங்கள். ‘எமெய்ஷான்’ என்பது அதிவேக ரயில் நிலையம், மலையடிவாரத்துக்குப் பக்கம். ‘எமெய்’ என்று மட்டும் இருந்தால் அது ஊருக்குள் இருக்கும் பழைய நிலையம். செங்டுவிலும் கிழக்கு, தெற்கு என்று நிலையங்கள் பல. எதிலிருந்து புறப்படுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவருக்குப் பாஸ்போர்ட்தான் சீட்டு. தானியங்கி வாயில் அதைப் படிக்காவிட்டால் பதற வேண்டாம், ஊழியர் நிற்கும் வாயிலுக்குப் போங்கள். இதற்காக அரை மணி நேரம் முன்கூட்டியே போவது நல்லது.

மலையில் நுழைவுச் சீட்டு, பேருந்து, ரோப் கார் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணம். அடிவாரத்தில் பாவ்குவோ கோயில் பக்கத்திலிருந்து பேருந்து ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் லெய்தோங்பிங் என்ற நிறுத்தம். அங்கிருந்து ஜியேயின் மண்டபம் வரை படிக்கட்டில் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இந்தப் பகுதிக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மண்டபத்திலிருந்து ரோப் கார் சில நிமிடங்களில் உச்சிக்குக் கொண்டுபோய்விடும். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய 2,500 மீட்டர் உயர வித்தியாசம்; ஆயிரம் மீட்டருக்கு 6 டிகிரி என்று வைத்தாலும் 15 டிகிரி குறையும். கீழே அரைக்கை சட்டையோடு நின்றவர் மேலே நடுங்குவது இதனால்தான். பனிக்காலத்தில் படிகளில் பனி உறைந்திருக்கும். செருப்புக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல் இல்லாமல் ஏற வேண்டாம். ஒரே நாளில் இவ்வளவு உயரம் ஏறுவதால் சிலருக்குத் தலை வலிக்கும். மெதுவாக நடந்தால் போதும்.

உச்சியில் செங்குத்துப் பாறை கிழக்கைப் பார்த்திருக்கிறது. அதனால் விடியலும் அங்கேதான், பிற்பகலில் ‘புத்த ஒளி’யும் அங்கேதான். சூரியன் முதுகுப் பக்கம் மேற்கே சாய்ந்து, எதிரே பள்ளத்தில் மேகம் நின்றால், உங்கள் நிழல் அந்த மேகத்தின் மேல் விழும். நிழலின் தலையைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். மேகத்தின் நீர்த்துளிகள் ஒளியை வளைத்துத் திருப்பி அனுப்புவதால் உண்டாகும் காட்சி அது. பக்கத்தில் நிற்பவருக்கு அவருடைய நிழலைச் சுற்றித்தான் வளையம் தெரியும். விடியலுக்காக மேலே தங்குகிறவர்கள் கடிகாரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். சீனா முழுவதற்கும் பெய்ஜிங் நேரம் ஒன்றுதான். செங்டு பக்கத்தில் ஜனவரியில் சூரியன் உதிப்பது காலை எட்டு மணிவாக்கில்.

இறங்கும் வழியில் வான்னியான் கோயிலை விட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால், உச்சியில் 2006இல் எழுப்பிய 48 மீட்டர் பொற்சிலையைவிட இதுதான் நெஞ்சில் நிற்கும். கி.பி. 980இல் வார்த்த வெண்கலம், 62 டன்: ஆறு தந்தங்கள் கொண்ட யானை மேல் அமர்ந்த சமந்தபத்திரர். நம் வடமொழிப் பெயரோடு மலையேறிய போதிசத்துவர் அவர், சீனத்தில் பூசியான். சிலை இருக்கும் மண்டபம் கீழே சதுரம், மேலே குவிமாடம். முழுக்கச் செங்கல், ஓர் உத்தரம்கூடக் கிடையாது.

வழியில் குரங்குகள் உண்டு. பிளாஸ்டிக் பை சலசலத்தாலே உணவு என்று பாய்ந்து வரும். தின்பண்டம் எல்லாம் மூடிய முதுகுப் பைக்குள் இருக்கட்டும். கிட்டே வந்தால் வெறும் உள்ளங்கைகளைக் காட்டுங்கள், ஓடாதீர்கள், பல் தெரியச் சிரிக்காதீர்கள். குரங்குக்கு அது சண்டைக்கு அழைப்பு.

பணம் செலுத்துவது பெரும்பாலும் அலிபே, வீசாட் வழியாகத்தான். ஊரிலேயே செயலியை இறக்கி, பாஸ்போர்ட்டைப் பதிந்து, விசா அல்லது மாஸ்டர்கார்டு வங்கி அட்டையை இணைத்துவிடுங்கள். இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். இதை மறந்துதான் பலர் கடைவாசலில் தவிக்கிறார்கள். ஓடிபி வரும் எண் ரோமிங்கில் உயிரோடு இருக்க வேண்டும். கூகுள் அங்கே உள்ளூர் இணையத்தில் திறக்காது. திறந்தாலும் வரைபடம் இடத்தைத் தள்ளிக் காட்டும். அமேப் என்ற சீன வரைபடச் செயலியை வைத்துக்கொள்ளுங்கள்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாப்போ தோஃபு பார்க்கச் சைவம் போலிருக்கும், கொத்திய இறைச்சி கலந்தது. ஹாட்பாட் குழம்பில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். “வோ ச்சர் சூ”, நான் சைவம் என்று சொல்லுங்கள். செங்டுவின் வென்ஷு மடத்தில் பௌத்த சைவ உணவகம் இருக்கிறது.

அக்டோபர் 1 முதல் 7 வரை, மே முதல் வாரம், சீனப் புத்தாண்டு: இந்த விடுமுறை நாட்களில் ரோப் காருக்கு மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும், போகாதீர்கள். திரும்பும்போது விமானம் பழைய விமான நிலையமான ஷுவாங்லியூவிலிருந்தா, நகரத்திலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளியுள்ள தியான்ஃபுவிலிருந்தா என்று சீட்டைப் பாருங்கள். தியான்ஃபு என்றால் மெட்ரோ 18ஆவது தடம். 2025 ஜூன் 28 முதல், 3சி என்ற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்கைச் சீன உள்நாட்டு விமானங்களில் ஏற்றுவதில்லை. உள்நாட்டு விமானத்தில் ஏறுவதாக இருந்தால் அந்த முத்திரை உள்ளதையே கொண்டுபோங்கள்.

வணக்கம்.