உதடு ஒட்டினால் உறவு ஒட்டுமா?

நடுவர் அவர்களே, மதுரை மக்களே, வணக்கம். தலைப்பு: வாழ்க்கைக்குத் துணை வருவது 'நான்' என்ற சொல்லா, 'நாம்' என்ற சொல்லா? அடியேன் 'நான்' கட்சி.

எதிரணி அக்கா என்ன சொன்னார்? "நான் என்றால் உதடு ஒட்டாது, நாம் என்றால்தான் ஒட்டும். உதடே சேராத சொல்லுக்கு வாதாட ஓர் ஆள்!" நீங்களும் கைதட்டினீர்கள். சரி, இப்போது எனக்காகச் சொல்லிப் பாருங்கள். தாய். ஒட்டியதா? இல்லை. காதல்? இல்லை. மாமியார்? இரண்டு தடவை ஒட்டுகிறது! முன்வரிசை அண்ணே, பக்கத்தில் யார் என்று பார்த்துவிட்டுச் சிரிங்க. இன்னும் ஒன்று, பாகப்பிரிவினை. அதுவும் இரண்டு தடவை. உதடு நன்றாக ஒட்டித்தான் அக்கா, அண்ணனும் தம்பியும் நடுவீட்டில் சுவர் எழுப்புகிறார்கள்!

'நாம்' எப்படிப்பட்ட சொல் என்று என் மச்சானைக் கேளுங்கள். ஒருநாள் குடும்பத்தோடு விளக்குத்தூண் பக்கம் போகிறோம். "மாப்ள, நாம ஆளுக்கொரு ஜிகர்தண்டா குடிப்போமா?" எல்லோரும் குடித்தோம். அவருக்கு மட்டும் ஐஸ்கிரீம் கூடப் போட்டு இன்னொன்று. அதுவரை 'நாம்'. கடைக்காரர் காசு கேட்டார். "நாங்க முன்னாடி போய்க்கிட்டு இருக்கோம், நீங்க கொடுத்துட்டு வாங்க மாப்ள." கவனித்தீர்களா? டம்ளர் காலியானதும் 'நாம்' 'நாங்கள்' ஆகிவிட்டது! இங்கிலீஷ்காரனுக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான். இப்படி நழுவ அவனுக்கு வசதியில்லை, பாவம். கடைசியில் பர்ஸைத் திறந்தது எந்தச் சொல்? சத்தமாகச் சொல்லுங்கள், மச்சானுக்குக் கேட்கட்டும்!

'யான் எனது என்னும் செருக்கு' என்று குறளைக் காட்டி மிரட்டினார்கள். வள்ளுவர் அறுக்கச் சொன்னது செருக்கை. இதே மதுரையில் கண்ணகி சிலம்பை உடைத்து மணி தெறித்ததும், பாண்டியன் 'நாங்கள் விசாரித்து நடவடிக்கை எடுப்போம்' என்றா சொன்னான்? 'யானோ அரசன், யானே கள்வன்' என்று விழுந்து உயிரை விட்டான்.

நடுவர் அவர்களே, என் அம்மா 'நான்' என்று சொல்லிக் கேட்டதே இல்லை. தீபாவளிக்கு எங்களுக்கெல்லாம் துணி வரும். "நமக்கெதுக்குப்பா புதுச் சேலை" என்பாள். அந்த 'நமக்கு'வில் நாங்கள் யாரும் கிடையாது, அவள் ஒருத்திதான். முட்டி வீங்கி டாக்டரிடம் அழைத்துப் போனால், அங்கேயும், "நமக்குக் கொஞ்சம் வலிங்கய்யா." டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "வலி உங்களுக்கா, அம்மாவுக்கா?"

பின்வரிசையில் இருக்கிற அம்மாக்களே, இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் 'எனக்கு' என்று ஆரம்பித்து ஏதாவது ஒன்று கேளுங்கள். சேலையோ, மாத்திரையோ. தீர்ப்பை நடுவர் எப்படியும் சொல்லிக்கொள்ளட்டும். வணக்கம்.