வயிற்றைக் காயப்போடுவதே!

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியினருக்கும், கொடைக் கமிட்டிக்கும், மைக் செட் அண்ணனுக்கும் வணக்கம்.

"உடல்நலத்துக்குப் பெரிதும் துணை நிற்பது வயிறார உண்பதா, வயிற்றைக் காயப்போடுவதா?" இதுதான் தலைப்பு. கோயில் கொடையில, பாயசம் வரைக்கும் சாப்பிட்டு முடிச்சு ஏப்பம் விட்டுக்கிட்டு இருக்கிற ஊர்கிட்ட, "காயப்போடுவதே"ன்னு என்னைப் பேச விட்டிருக்கீங்க. எங்க அணிக்கு இதைவிடப் பெரிய சதி கிடையாது. பந்தியில என்னைப் பார்த்தவங்க தயவுசெஞ்சு அமைதி காக்கணும்.

எனக்கு முன்னால பேசின எதிரணித் தங்கச்சி போற போக்குல என்னைக் கைகாட்டி ஒண்ணு சொல்லிட்டுப் போச்சு. "அண்ணன் விரதம் இருந்து அண்ணன் இளைக்கல, விரதம்தான் இளைச்சுப் போச்சு"ன்னு. நீங்களும் தட்டுனீங்க. முன்வரிசையில எங்க மாமா விசிலே அடிச்சாரு. எனக்குப் பொண்ணு கொடுத்தவரு, நடுவர் அவர்களே!

தங்கச்சிக்குப் பதில் சொல்லிட்டுத்தான் தலைப்புக்குப் போவேன். நேரம் இருந்தா.

விரதம் இளைச்சது உண்மை. ஆனா இளைக்க வச்சது நான் இல்ல, எங்க பெரியப்பா. மாசாமாசம் சஷ்டி விரதம் அவருக்கு. காலையில குளிச்சு, நெத்தி நிறைய திருநீறு பூசி, திருச்செந்தூர் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டு, திண்ணையில வந்து உட்காருவாரு. "ஏட்டி, இன்னைக்கு எனக்கு ஒண்ணும் கிடையாது." பெரியம்மாவும் "சரிங்க"ன்னு போயிருவா.

எட்டு மணி. "ஏட்டி, ஒண்ணும் கிடையாதுதான். ஆனா பால் குடிக்கலாம்லா? முருகனே ஆறு கார்த்திகைப் பெண்கள்கிட்ட பால் குடிச்சு வளர்ந்த பிள்ளைதானே?" ஒரு சொம்பு பால் உள்ள போகும்.

பத்து மணி. "ஏட்டி, பழம்? ஒரு பழத்துக்காக உலகத்தையே சுத்தி வந்த சாமி. பழம் கூடாதுன்னு சொன்னா அவருக்கே கோவம் வந்துரும்." நாலு வாழைப்பழம். அண்ணனுக்கு ரெண்டு, தம்பிக்கு ரெண்டுன்னு கணக்கு.

பன்னெண்டு மணி. "வள்ளி கையால அவரு என்ன வாங்கித் தின்னாரு? தேனும் தினைமாவும். நம்ம வீட்டுல தினை இருக்காட்டி?" இருந்துச்சு. ஒரு கிண்ணம். சாயங்காலம் கோயில் சுண்டல், அது பிரசாதம், மறுக்கக் கூடாது. ராத்திரி எட்டு மணிக்குத்தான் மனுஷன் உண்மையான வைராக்கியத்தைக் காட்டுவாரு. "சோறு தொடவே மாட்டேன். பலகாரம்தான்." பலகாரம்னா என்ன? அடை. அஞ்சு அடை. மேல வெண்ணெய், பக்கத்துல அவியல், ஓரத்துல வெல்லம். சாப்பிட்டுட்டு, "முருகா, இந்தப் பட்டினி உனக்காக"ன்னு சொல்லிட்டுப் படுப்பாரு.

பெரியம்மா ஒருநாள் எங்க அம்மாகிட்ட வந்து அழுதா. "வளர்பிறைச் சஷ்டிக்கே வீட்டுல அரிசி பருப்பு மிஞ்ச மாட்டேங்கு. அடுத்த மாசத்துலேர்ந்து தேய்பிறைச் சஷ்டியும் இருக்கப் போறாராம். வயலை ஒத்திக்கு வச்சிர வேண்டியதுதான்."

என்னது? பின்னால கேட்கலையா? எதை விட்டீங்க, அடையையா? ராத்திரி எட்டு மணி. இலை போட்டாச்சு. பெரியப்பா சம்மணம் போட்டாச்சு. ஏழு அடை...

நடுவர் என்னைப் பார்க்காரு. முதல்ல அஞ்சுன்னு சொன்னேன்னு குறிச்சு வச்சிருக்காரு. ஐயா, அஞ்சு அவரு பசிக்குச் சாப்பிட்டது. மிச்சம் ரெண்டு, பெரியம்மாவுக்குச் சுடுற அடை முறுகலா வருதான்னு பார்க்கச் சாப்பிட்டது.

இப்ப சொல்லு தங்கச்சி. பெரியப்பா இருந்தது எங்க கட்சியா, உங்க கட்சியா? பேருதான் விரதம், நடந்தது பூரா வயிறார உண்பது. அவருக்கு அம்பது வயசுல சர்க்கரை வந்துச்சே, அந்தச் சர்க்கரையை எங்க அணி மார்க்குல சேருங்க நடுவர் அவர்களே.

நெசமாவே காயப்போட்டா உள்ள என்ன நடக்கும்? சாப்பாட்டுல வந்த சர்க்கரையில ஒரு பங்கைக் கல்லீரல் கிளைகோஜன்னு சேர்த்து வைக்கும். அது சட்டைப் பையில கிடக்கிற சில்லறை. இடுப்புல இருக்கிற கொழுப்பு பேங்க்ல போட்ட டெபாசிட். பையில சில்லறை இருக்கிற வரைக்கும் எவன் பேங்க்குக்குப் போவான்? சாப்பிடாம இருந்தா அந்தச் சில்லறை ஏறக்குறைய ஒரு நாள்ல தீரும். அப்புறம்தான் உடம்பு கொழுப்புல கை வச்சு, அதைக் கீட்டோன்னு ஒரு எரிபொருளா மாத்தி மூளைக்கும் அனுப்பும். நம்ம என்ன செய்யுதோம்? காலையில இட்லி, பதினொரு மணிக்கு வடை, மத்தியானம் சோறு, நாலு மணிக்கு பஜ்ஜி, ராத்திரி புரோட்டா சால்னா. டெபாசிட் முதிர்ந்து முன்னால தொங்குது!

எங்க அணி நண்பர் ஒருத்தர், "பட்டினிக்கு நோபல் பரிசே கொடுத்திருக்காங்க"ன்னாரு. வாட்ஸ்அப்ல எனக்கும் வந்துச்சு. எங்க ஆளே ஆனாலும் சொல்லிரணும், அது அப்படி இல்ல. 2016ல ஜப்பான்காரர் யோஷினோரி ஓசுமிக்குக் கொடுத்தாங்க. அவரு பட்டினி போட்டது ஈஸ்ட்ங்கிற நுண்ணுயிரை. ஊட்டம் கிடைக்காத செல், தனக்குள்ள பழுதான பாகத்தைத் தானே உடைச்சு மறுபடி பயன்படுத்துது. அது எப்படி நடக்குதுன்னு கண்டுபிடிச்சாரு. பெரிய விஷயம்தான். ஆனா சஷ்டிக்குக் கொடுத்த பரிசு இல்ல.

எனக்கு அது தேவையும் இல்ல. என்கிட்ட ஆளே இருக்கு. ஸ்காட்லாந்துல ஆங்கஸ் பார்பியேரின்னு ஒரு வாலிபர். எடை 207 கிலோ. 1965ல டண்டீ நகரத்து ஆஸ்பத்திரி டாக்டர்களோட மேற்பார்வையில சாப்பாட்டை நிறுத்தினாரு. காபி, டீ, சோடாத் தண்ணி, விட்டமின் மாத்திரை, அவ்வளவுதான். எத்தனை நாள்? 382 நாள்! முடிக்கும்போது 82 கிலோ. தங்கச்சி, அங்க விரதம் இளைக்கல, ஆளு இளைச்சாரு!

வீட்டுல போய் யாரும் செஞ்சு பார்த்துராதீங்க. டாக்டர் பக்கத்துல இருந்ததாலதான் அந்தாள் பிழைச்சாரு. நெடும்பட்டினி கிடந்தவன் திடீர்னு வயிறு முட்டச் சாப்பிட்டா ரத்தத்துல பாஸ்பேட் சத்து இறங்கி உயிரே போகும். நம்ம பெரியவங்க ஏகாதசி விரதம் இருந்தா, மறுநாள் துவாதசியில அதை முடிச்சுச் சாப்பிடப் பாரணைன்னு ஒரு முறை வச்சாங்க. பள்ளிவாசல்ல நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம், அப்புறம் கஞ்சி. நோயாளிக்கும் பயணம் போறவங்களுக்கும் நோன்புல விலக்கும் உண்டு. எதிரணிப் பேராசிரியர் வள்ளுவரைக் கூப்பிட்டாரு. அவரு மருந்து அதிகாரத்துல, முன்னால சாப்பிட்டது செரிச்சதைப் பார்த்துட்டு அடுத்ததைச் சாப்பிட்டா மருந்தே வேண்டாம்னு 942ஆம் குறள்ல எங்க அணிக்கு ஓட்டுப் போட்டுட்டுப் போயிட்டாரு. அதை மட்டும் பேராசிரியர் விட்டுட்டாரு.

முதல் மணி அடிச்சுட்டீங்க. ஒண்ணே ஒண்ணு.

சின்ன வயசுல எனக்கு மஞ்சள் காமாலை. கண்ணு, நகம் எல்லாம் மஞ்சள். அம்மா அன்னைக்கு ஒரு வேண்டுதல் வச்சா. செவ்வாய்க்கிழமை தோறும் பச்சைத் தண்ணி தவிர எதுவும் தொட மாட்டேன், என் பிள்ளை எந்திரிச்சு உட்காரணும்னு. நான் எந்திரிச்சேன். டாக்டர் பார்த்தாரு, ஓய்வு எடுத்தேன், அதுல சரியாச்சு, எனக்குத் தெரியும். ஆனா நடுவர் அவர்களே, தலைப்புல "உடல்நலம்"னு போட்டீங்களே, யாரு உடல்னு போடலையே? பட்டினி கிடந்தது அவ. தேறினது நான்.

அந்தச் செவ்வாய்க்கிழமையை அவ இன்னும் விடல. இப்ப அவளுக்குச் சர்க்கரை, தினம் ஊசி போடுறா. "ஊசியைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா மயங்கி விழுந்துருவீங்க"ன்னு டாக்டர் சொன்னாரு. "அப்ப ஊசிக்கும் சேர்த்து விரதம் இருந்துட்டுப் போறேன்"ன்னா. டாக்டர் என்னைத்தான் திட்டினாரு. மேடைக்கு மேடை காயப்போடுங்கன்னு பேசுறவன், செவ்வாய்க்கிழமையானா தட்டைத் தூக்கிக்கிட்டு அவ பின்னாலேயே நடக்கேன். "ரெண்டு இட்லிம்மா. ஒண்ணும்மா." அவ சொல்லுதா, "நான் நிறுத்தி, உனக்கு ஒண்ணு ஆயிட்டா?" எனக்குத் தலை நரைச்சாச்சு, ஐயா. அவளுக்கு இன்னும் என் கண்ணு மஞ்சளாத்தான் தெரியுது.

தங்கச்சி வேகமா குறிப்பெடுக்குது. எடுத்துக்கோம்மா. ஆனா அம்மாவை எதிர்த்துப் பேசினா இந்த ஊர்ல கைதட்டு விழாது, அதையும் குறிச்சுக்கோ.

இன்னைக்கும் செவ்வாய்க்கிழமை. மூணாவது வரிசையில, அந்தப் பச்சைச் சேலை. காலையில இருந்து தண்ணிதான். நான் சொன்னா கேட்கமாட்டா. நீங்க வாத்தியாரு, நடுவரு, நீங்க சொன்னா கேட்பா. தீர்ப்பை எதிரணிக்கே கொடுத்துருங்க ஐயா, "வயிறார உண்பதே"ன்னு. எங்க அணி கோவிச்சுக்காது. கொஞ்சம் மைக் பக்கத்துல வந்து சத்தமா சொல்லுங்க, அவளுக்குக் காது மந்தம். வணக்கம்.