மியூசியத்துக்குப் போகும்போது எந்தப் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்
(பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமையும் அதுவுமாக வந்திருக்கிறீர்கள், நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

எழும்பூர் மியூசியத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பெயர்ப் பட்டியல் போடுகிறோம். அப்போதே பார்வையில்லாத பிள்ளை, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை, இரைச்சல் என்றால் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை, இவர்கள் பெயரெல்லாம் மெதுவாக விடுபட்டுப்போகிறது. வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. 'பாவம், எதுக்கு அலைச்சல்' என்று பரிவோடுதான் விட்டுவிடுகிறோம். அந்தப் பரிவைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கலை அவர்களுக்கும் எட்டும்படி செய்ய வேண்டும் என்று 29ஆவது பிரிவில் சொல்கிறது. டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் தொட்டுப் பார்ப்பதற்கென்றே நகல் சிலைகள் வைத்த கூடத்தை 2015இலேயே திறந்துவிட்டார்கள்.

அங்கே போனால்தான் முடியும் என்றில்லை. நம் எழும்பூர் மியூசியத்தின் வெண்கலக் கூடத்திலேயே திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். 'எவ்வளவு அழகு பாருங்க' என்று சொன்னால் கண் தெரிந்த பிள்ளைக்கே ஒன்றும் கிடைக்காது. முதலில் அளவைச் சொல்லுங்கள், உங்கள் இடுப்பு வரைக்குமா, தோள் வரைக்குமா என்று. பிறகு எதனால் செய்தது, அப்புறம் நிற்கிற விதம். வலது கால் முட்டியில் மடங்கி காலடியில் கிடக்கும் முயலகன் என்ற அசுரன் மேல் ஊன்றியிருக்கிறது, இடது கால் குறுக்கே தூக்கியிருக்கிறது, பின்கைகளில் வலதில் உடுக்கை, இடதில் தீ, முன்கைகளில் வலது 'பயப்படாதே' என்கிறது, இடது மார்புக்குக் குறுக்கே வந்து தூக்கிய காலைக் காட்டுகிறது. இதைச் சொல்லிக்கொண்டே பிள்ளையை அப்படியே நிற்கச் சொல்லுங்கள். நிற்க முடியாத பிள்ளை கைகளை மட்டும் வைக்கட்டும். ஒற்றைக் காலில் தள்ளாடும்போது அந்தச் சிற்பி எதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார் என்று உடம்புக்கே தெரிந்துவிடும். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்தச் சிலையைப் பற்றி எழுதியது வெறும் புகைப்படங்களை வைத்துத்தான். நேரில் கண்ணால் பார்த்தால்தான் கலை என்று நாம் மட்டும் ஏன் பிடிவாதம் பிடிக்க வேண்டும்?

போவதற்கு முன்பே வகுப்பில் கொஞ்சம் தேன்மெழுகு கொடுங்கள். சுவாமிமலையில் வெண்கலச் சிலை செய்கிறவர்கள் மெழுகோடு குங்கிலியப் பிசின் கலந்து உருவம் செய்து, மேலே வண்டல் மண் பூசி, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த வெற்றிடத்தில்தான் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஒரு சின்னக் கையை மெழுகில் உருட்டிப் பார்த்த பிள்ளை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிலையைப் பற்றி நீங்கள் சொல்வதை வேறு மாதிரி கேட்கும்.

காது கேளாத பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. உங்கள் சைகையையும் சிலையையும் ஒரே நேரத்தில் அவர்களால் பார்க்க முடியாது. சொல்லுங்கள், நிறுத்துங்கள், பார்க்க விடுங்கள், பிறகு தொடருங்கள். சிலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு பேசவே பேசாதீர்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வாசல், கூடம், கழிப்பறை இவற்றின் போட்டோவை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். சாய்தளம் எங்கே, கூட்டமில்லாத நேரம் எது, எதையாவது தொட அனுமதி உண்டா என்பதையெல்லாம் மியூசியத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

பார்ப்பதோடு நிறுத்திவிடவும் கூடாது. வங்காள ஓவியர் வினோத் பிகாரி முகர்ஜி 1950களில் பார்வையை முழுதாக இழந்தார். அதற்குப் பிறகும் காகிதத்தை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார், 1972இல் சாந்திநிகேதனில் ஓடு பதித்த சுவர்ச் சித்திரமும் செய்தார். ஆகவே டிராயிங் பீரியடில் அந்தப் பிள்ளையை மூலையில் சும்மா உட்கார வைக்காதீர்கள்.

சரி, இப்போது இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். மேசையில் படங்கள் இருக்கின்றன. ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், மற்றவர் 'அழகு' என்ற சொல்லே வராமல் படத்தை விவரிக்க வேண்டும், கேட்டவர் எழுந்து அதேபோல் நின்று காட்ட வேண்டும். கால் மணி நேரம். முடித்துவிட்டு டீ குடிக்கலாம்.