விலாங்குக்கு ஒரு வாய்க்கால்

வணக்கம். விலாங்கு மீனைக் கையால் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எப்படி வழுக்கிக்கொண்டு போகும் என்று. அந்த மீனுக்காகவே கல்லடுக்கி வாய்க்கால் கட்டிய மக்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதுவும் 6,600 ஆண்டுகளுக்கு முன்பே.

ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் தென்மேற்கு மூலை குந்திச்மாரா பூர்வகுடிகளின் நிலம். அங்கே பஜ் பிம் என்னும் எரிமலை சுமார் 37,000 ஆண்டுகளுக்கு முன்பு பொங்கியது. குழம்பு இறுகிக் கல்லாகி நெடுந்தூரம் பரந்து கிடக்கிறது. அந்தக் கல்லைக் கொண்டே வாய்க்கால், குளம், சின்னச் சின்ன அணை எல்லாம் அமைத்தார்கள். தண்ணீர் ஏறும்போது விலாங்கும் கூடவே வரும். குளத்தில் தங்கிக் கொழுக்கும். அப்புறம் கல் இடைவெளியில் நீளமான ஒரு கூடையைச் செருகிவிடுவார்கள். பறி வைத்து மீன் பிடித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். இந்தக் கூடைக்கு வால் பக்கத்திலும் ஒரு சின்ன வாய் உண்டு. அங்கே ஒருவர் காத்திருந்து, வெளியே தலைநீட்டும் விலாங்கைப் பிடிப்பார்.

இந்தக் கூடையை விட்டு என்னால் சீக்கிரம் நகர முடியாது. காலமான ஒரு பூர்வகுடிப் பெண்ணின் பெயரைச் சொல்லப்போகிறேன். ஆஸ்திரேலியாவில் உள்ள வழக்கப்படி அதை முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன்.

கானி ஹார்ட் 1917இல் பிறந்தவர். அவருடைய அம்மாவுக்குக் கூடை பின்னத் தெரியும். ஆனால் மகளுக்குக் கற்றுக்கொடுக்க மறுத்துவிட்டார். இனி வெள்ளைக்காரர்கள் வாழ்கிற மாதிரிதான் நாமும் வாழவேண்டும், இதெல்லாம் உனக்கு எதற்கு என்று நினைத்த தாய். பாருங்கள், பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் அந்தக் கதவை அடைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டால், போய் விளையாடு என்று விரட்டிவிடுவார். சிறுமி என்ன செய்வாள்? அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனதும் எடுத்து இரண்டு பின்னல் போடுவாள். காலடிச் சத்தம் கேட்டால் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஓட்டம். கற்றது அவ்வளவுதான்! பல ஆண்டுகள் போயின. அம்மாவும் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகுதான் கானி கோரையை அறுத்துவந்து, தானாக உட்கார்ந்து பின்னிப் பார்த்தார். கைக்கு மறக்கவில்லை. அப்புறம் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். யாரையும் விரட்டவில்லை.

அவர் பின்னிய விலாங்குக் கூடை ஒன்று மெல்பர்னில், விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் முன் நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன். கோரையைக் கொத்தாக வளைத்து, மேலே இன்னொரு கோரையால் சுற்றிச் சுற்றித் தைத்த பின்னல். நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த இரண்டு பின்னலைத்தான், அம்மா வருவதற்குள் போட்ட இரண்டு பின்னல்.

சரி, கூடை பிழைத்தது. தண்ணீர்? மேய்ச்சல் நிலத்துக்காக, அந்த வாய்க்கால்களை ஒட்டியிருந்த டே ரக் ஏரியை வெள்ளையர்கள் வடித்துவிட்டார்கள். ஏரி இல்லாமல் விலாங்கு ஏது, கூடைக்குத்தான் வேலை ஏது? இந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் முன்னோர் விட்டுப்போன சின்னங்களை அலுமினிய ஆலையிடமிருந்து காக்க குந்திச்மாரா பெண்கள் இருவர் 1981இல் ஆஸ்திரேலியாவின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை போனார்கள். வழக்குத் தொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பு வந்தது. 2007இல் நிலத்தின் மீதான அவர்களது பூர்வ உரிமையும் சட்டப்படி ஏற்கப்பட்டது. 2010இல் புதிதாக ஒரு தடுப்பணை கட்டி, ஏரிக்குத் தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 2019இல் பஜ் பிம் உலகப் பாரம்பரியக் களமானது. பூர்வகுடிப் பண்பாட்டு மதிப்புக்காக மட்டுமே ஆஸ்திரேலியாவில் அந்த இடம் பெற்ற முதல் களம் அதுதான்.

அடடா, நேரம் முடிகிறது என்று ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கைகாட்டுகிறார்கள். காட்டுத் தீயைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: அந்த 2019 முடிவில் மூண்ட தீயில் புல்லும் புதரும் எரிந்தபோது, அதுவரை மறைந்து கிடந்த வாய்க்கால்களும் கண்ணுக்குத் தெரிந்தன. போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் குந்திச்மாரா வழிகாட்டியோடு போங்கள். கல்லை எதையும் நகர்த்திவிடாதீர்கள். ஏரிக்கரையில் இப்போது அவர்களே நடத்தும் உணவகம் இருக்கிறது. விலாங்கு கிடைக்கும், கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். நன்றி, வணக்கம்.