வீட்டு வாரண்டி: நட்சத்திரங்களை விட்டுவிட்டு ஒப்பந்தத்தைப் பாருங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். இங்கே டாலஸ் பக்கம் வெயில் நூறு டிகிரியைத் தொட்டதும், நம் ஆட்களிடம் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும்: "ஹோம் வாரண்டி எடுக்கலாமா? எந்தக் கம்பெனி நல்லது?" தெரிந்தவர்களுக்காக இந்த ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வது என் நெடுநாள் பழக்கம். அதனால்தான் இன்று என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு தெளிவு. வீட்டுக் காப்பீடு வேறு, ஹோம் வாரண்டி வேறு. தீப்பிடித்தால், ஆலங்கட்டி மழையில் கூரை போனால் காப்பீடு வரும். உழைத்துத் தேய்ந்து போன ஏசி, வாட்டர் ஹீட்டர், பாத்திரம் கழுவும் மெஷின் இவற்றுக்கு வாரண்டி. வருஷத்துக்கு ஒரு தொகை கட்டுகிறோம். ஒவ்வொரு முறை டெக்னீஷியன் வாசலுக்கு வரும்போதும் தனியாக ஒரு சர்வீஸ் கட்டணம், பெரும்பாலும் 75 முதல் 125 டாலர். வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் அதைக் கொடுத்தாக வேண்டும். வீடு வாங்கும்போது ஏஜென்ட் முதல் வருஷத்துக்கு வாங்கிக் கொடுத்திருப்பார். நாமும் எதையும் படிக்காமல் ஒரு கோப்பில் போட்டு வைத்திருப்போம்.

சரி, கம்பெனிகளை எப்படி ஒப்பிடுகிறோம்? இணையத்தில் தேடுகிறோம். "இந்த ஆண்டின் தலைசிறந்த பத்து கம்பெனிகள்" என்று பட்டியல் வருகிறது, நட்சத்திரங்களோடு. அந்தப் பட்டியல் போடுகிறவர்களில் பலருக்கு, நாம் அங்கிருந்து சொடுக்கி உள்ளே போனால் கமிஷன் உண்டு. பக்கத்தின் மேலேயோ அடியிலேயோ சின்ன எழுத்தில் அவர்களே எழுதியும் வைத்திருப்பார்கள். கல்விக் கடன்களை ஒப்பிடும் லெண்ட்எடு என்ற தளத்தின் மீது, காசு வாங்கிக்கொண்டு தரவரிசையை மாற்றியதாக மத்திய வர்த்தக ஆணையம், அதாவது எஃப்.டி.சி., வழக்கு தொடுத்தது. 2020-ல் அந்தத் தளம் 3,50,000 டாலர் கட்டிச் சமரசத்துக்கு வந்தது. வாரண்டிப் பட்டியல்கள் எல்லாமே அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நட்சத்திரத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று கேட்காமல் அதை நம்ப வேண்டாம்.

அடுத்தது பி.பி.பி. என்கிற பெட்டர் பிசினஸ் பியூரோ. நம்மில் நிறைய பேர் இதை அரசாங்க அமைப்பு என்றே நினைக்கிறார்கள். இது தனியார் அமைப்பு. அங்கே கொடுக்கும் ஏ, பி என்கிற எழுத்து மதிப்பெண்ணில் வாடிக்கையாளர் எழுதும் விமர்சனங்கள் சேர்வதில்லை. புகார் வந்தால் கம்பெனி பதில் சொன்னதா, எத்தனை வருஷமாகத் தொழிலில் இருக்கிறது, இப்படிப்பட்டவைதான் கணக்கு. அதனால் மேலே பெரிய 'ஏ' இருக்கும், கீழே ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் குவிந்து கிடக்கும். எழுத்தை விட்டுவிட்டுப் புகார்களைத் திறந்து படியுங்கள். எதற்காக மறுத்தார்கள் என்று பாருங்கள். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால், அந்தக் கம்பெனியின் ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தைத் தேட வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பணக் கணக்கையும் ஒரு நிமிஷம் பார்ப்போம். 1971-ல் தொடங்கிய அமெரிக்கன் ஹோம் ஷீல்டுதான் இந்தத் தொழிலில் பெரியது. அதன் தாய் நிறுவனம் ஃபிரண்ட்டோர் பங்குச் சந்தையில் இருப்பதால் கணக்கு வெளிப்படையாகக் கிடைக்கிறது. 2023-ல் வருமானம் சுமார் 178 கோடி டாலர். பழுது பார்த்துக் கொடுக்கும் வகையில் செலவானது அதில் ஏறத்தாழ பாதி. மீதிப் பாதியில்தான் விளம்பரம், நிர்வாகம், வரி, லாபம் எல்லாம். இதில் தப்பு ஒன்றும் இல்லை, வியாபாரம் அப்படித்தான் நடக்கும். ஆனால் நாம் எல்லாரும் சேர்ந்து கட்டும் ஒரு டாலரில் பழுதுபார்ப்பாகத் திரும்பி வருவது ஏறத்தாழ ஐம்பது சென்ட் என்பது மனதில் இருக்கட்டும்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்தம். மாதிரி ஒப்பந்தத்தைக் கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். விளம்பரத்தில் "ஏசி உண்டு" என்று ஒரு பச்சை டிக் இருக்கும். ஒப்பந்தத்தில் அதே ஏசிக்கு "எவை சேராது" என்று ஒரு பத்தி முழுக்க இருக்கும். அந்தப் பத்தியைத்தான் படிக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். ஆகஸ்ட் மாதம், வெளியே நிற்கும் ஏசி யூனிட்டில் கம்ப்ரசர் போய்விட்டது. கம்பெனி அனுப்பிய டெக்னீஷியன் வந்தார், மூடியைத் திறந்து இரண்டு படம் எடுத்தார், கட்டணத்தை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் மின்னஞ்சல்: "பராமரிப்பு இல்லாததால் ஏற்பட்ட பழுது, க்ளெய்ம் மறுக்கப்படுகிறது." அக்கா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இனி ஒண்ணும் பண்ண முடியாதா?" என்றார். "அக்கா, வருஷா வருஷம் ஏசியைச் சுத்தம் பண்ணின பில் இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது! அக்கா எதையும் தூக்கிப் போடாதவர். சமையலறை இழுப்பறையில் ஒரு பழைய உறைக்குள் எல்லா பில்லும் வரிசையாக, மேலே பேனாவால் தேதி போட்டு இருந்தன. வீடு வாங்கியபோது செய்த இன்ஸ்பெக்ஷன் அறிக்கையும் இருந்தது. இரண்டையும் இணைத்து, ஒப்பந்தத்தின் எந்த விதியைச் சொல்லி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டோம். பில்களைப் பார்த்த பிறகு கம்பெனி முடிவை மாற்றிக்கொண்டது.

கதை அதோடு முடியவில்லை. சரிசெய்வதற்குப் பதிலாகப் பணம் தருகிறோம் என்றார்கள். எவ்வளவு? அவர்கள் மொத்த வியாபார விலையில் வாங்கினால் என்ன ஆகுமோ அவ்வளவு. நாம் கடையில் கொடுக்கும் விலை அல்ல. இதுவும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதியிருந்தது. மீதியை அக்கா தன் கையிலிருந்துதான் போட்டார். "பழுதுக்குப் பதில் பணம்" என்ற வரி உங்கள் ஒப்பந்தத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று அவசியம் பாருங்கள்.

ஏசி பற்றியே இன்னொன்று, ஏனென்றால் டெக்சாஸில் ஏசிதான் பெரிய செலவு. ஏசிக்குள் ஓடிக் குளிர்விக்கும் வாயுவில் பல வகை உண்டு. அதில் பழைய ஆர்-22 வாயுவின் உற்பத்தியும் இறக்குமதியும் 2020-ல் நின்றுவிட்டன. ஆர்-410ஏ-வும் படிப்படியாக விடைபெறுகிறது. இப்போது வரும் புது ஏசிகளில் ஆர்-32, ஆர்-454பி. ஆக, வெளி யூனிட் மட்டும் போய் அதைப் புது வகைக்கு மாற்றினால், வீட்டுக்குள் பரணில் இருக்கும் பழைய காயில், அதாவது காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள், அதற்குப் பொருந்தாது. இரண்டையும் மாற்ற வேண்டும். அந்தக் காயிலுக்குக் கம்பெனி காசு தருமா? பழைய வாயுவை வெளியேற்றும் கூலி யார் தலையில்? நகராட்சி விதிப்படி செய்ய வேண்டிய மாற்றங்கள் யார் செலவு? ஏசிக்கான உச்சவரம்பு, அதாவது கம்பெனி அதிகபட்சம் தரும் தொகை, எவ்வளவு? சும்மா ஒரு கணக்குக்கு, வரம்பு 2,000 டாலர், முழு ஏசி மாற்ற 10,000 டாலர் என்றால் மீதி 8,000 நம்முடையது. ஒரு கம்பெனி மாதம் பத்து டாலர் குறைவு என்பதெல்லாம் இதற்கு முன்னால் பேச்சே இல்லை.

அதனால் நான் எல்லாருக்கும் சொல்லும் வழி இது. வீட்டில் வயதான மூன்று இயந்திரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை, தயாரித்த மாதம் வருஷம் தெரிகிற மாதிரி, இன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நான்கைந்து கம்பெனியின் மாதிரி ஒப்பந்தத்தை எடுத்து, அந்த மூன்றுக்கு மட்டும் உச்சவரம்பும் விலக்குகளும் என்னவென்று எழுதிப் பாருங்கள். மற்ற இருபது பொருள்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். இன்னொரு முறை சொல்கிறேன்: மூன்று இயந்திரம், உச்சவரம்பு, விலக்கு. ஒரு மாலை நேரம் போதும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் இந்தக் கம்பெனிகளுக்கு உரிமம் வேண்டும். 2021 முதல் அதை டி.டி.எல்.ஆர். என்ற மாநிலத் துறை பார்க்கிறது. கம்பெனியின் பெயரை அங்கே தேடிப் பாருங்கள், புகாரும் அங்கே கொடுக்கலாம். கலிபோர்னியாவில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு மாநிலக் காப்பீட்டுத் துறை. ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டுக்கு எடுத்தால் முதல் 30 நாள் க்ளெய்ம் செய்ய முடியாதபடி பல ஒப்பந்தங்கள் இருக்கும், ஆகவே ஏசி முனக ஆரம்பித்த பிறகு ஓடிப்போய் எடுத்துப் பயனில்லை. வீடு புதிது, கையில் பத்தாயிரம் டாலர் தனியாக இருக்கிறது என்றால், என் கருத்தில் வாரண்டியே வேண்டாம். அந்தச் சந்தாவை மாதாமாதம் வங்கியில் போடுங்கள். வீடு வாங்கின கையோடு சேமிப்பு கரைந்துபோய், ஏசியும் பழசு என்றால் முதல் இரண்டு வருஷம் எடுப்பது நியாயம். ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அதே ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.