கல்வெட்டில் இல்லாத அம்மம்மா

நடுவர் அவர்களே, திருகோணமலை அவையோரே, வணக்கம். மறைந்த மூத்தோரின் நினைவைக் காப்பது அந்தியேட்டிக் கிரியையில் அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டா, அவர்கள் வைத்த தோட்டமா? தோட்டமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் கேட்டார்: "தண்ணீர் இல்லாவிட்டால் ஒரு கோடையில் தோட்டம் போய்விடும். அச்சில் ஏறிய கல்வெட்டு நிலைக்கும். மரம் உங்கள் பாட்டியின் பெயரைச் சொல்லுமா?" நியாயமான கேள்வி. நிலாவெளியில் எங்கள் அம்மம்மாவின் வளவிலிருந்து பதில் சொல்கிறேன்.

அம்மம்மாவின் கல்வெட்டு இதோ என் கையில். முப்பத்தோராம் நாள் வந்தவர்களுக்குக் கொடுத்தோம். தேவாரம் இருக்கிறது, வம்சாவளி இருக்கிறது, மருமக்களின் பெயர் வரைக்கும் இருக்கிறது. அவரைப் பற்றி? 'தோட்டத்தில் மிகுந்த ஈடுபாடு உடையவர்.' ஒரே வரி! அட்டைப் படமோ அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் எங்கள் வீட்டு அல்பங்கள் அத்தனையும் கடலோடு போயின. அச்சில் ஏறியது நிலைக்கும் என்பவர்கள் மங்கிய இந்த முகத்தை ஒரு தரம் பாருங்கள்.

தோட்டமும் போனதுதான், மறைக்கவில்லை. தேசி, வாழை, மாதுளை எல்லாம் உப்பில் கருகின. தென்னைகள் மட்டும் நின்றன. கிணற்று நீர் வாயில் வைக்க முடியாத உவர். மாமா மோட்டார் போட்டு இறைத்தார். இறைக்க இறைக்க உவர் கூடியது. "நிறுத்து. நல்ல தண்ணீர் மேலே மெல்லிசாகத்தான் நிற்கிறது, கீழே கடல். மழை கழுவட்டும்" என்றார் அம்மம்மா. கரையோரக் கிணற்றின் இயல்பு அதுதான். அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது அறுபது வருடம் தண்ணீர் இறைத்த வாளி.

அன்றிலிருந்து ஒவ்வொரு விடியலிலும் வாளிக்குள் ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைப்பார். உடனே கிணற்றுக்கட்டுக்கு அப்பால் துப்புவார். அடுத்த மாரியும் வந்தது. ஒரு மார்கழிக் காலை, விரலை நாக்கில் வைத்தவர் துப்பவில்லை. விழுங்கினார். அந்தத் தொண்டை அசைந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எந்தக் கல்வெட்டில் இதை அச்சடிப்பீர்கள்?

சரி, கன்றுகளுக்கு எங்கே போவது? அம்மம்மாவின் அடுக்குச் செவ்வரத்தையில் யார் கேட்டாலும் ஒரு கம்பு உண்டு. பத்திரகாளி அம்மனுக்குப் பூக்கொண்டு போகும் வழியில் முன்பின் தெரியாதவர் கேட்டாலும் கொடுப்பார். சாம்பல்தீவிலும் தம்பலகாமத்திலும் வேர்விட்டிருந்த அந்தக் கம்புகள் திரும்பி வந்தன. ஈரச் சாக்கில் சுற்றிய கம்போடு ஆட்கள் எங்கள் படலையில் நின்றார்கள். "உங்களுடைய மரந்தான் பெரியம்மா." அம்மம்மா அழுததை அன்றுதான் கண்டேன், வீடு போன நாளில்கூட அவர் அழவில்லை.

மரம் பெயர் சொல்லுமா என்று கேட்டீர்களே, எதிரணித் தலைவரே? தம்பலகாமத்தில் எங்கள் பெறாமக்கள் வீட்டுத் தெருவில் அந்தப் பூவை இன்றும் 'நிலாவெளி அம்மாவின் பூ' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். அவரை ஒரு நாளும் கண்டிராத பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கின்றன.

இது ஐப்பசி, மழை தொடங்கிவிட்டது. நடுவர் அவர்களுக்கு ஒரு சாண் கம்பு கொண்டு வந்திருக்கிறேன். சாய்வாக வெட்டிய பக்கந்தான் மண்ணுக்குள் போகவேண்டும். முதல் இரண்டு கிழமை வெயில் படாமல் வையுங்கள், ஐயா.