வலென்சியாவில் மூன்று நாள்: இடத்தைப் பார்த்து அல்ல, மணியைப் பார்த்து

வணக்கம் மக்களே. இந்தத் தாளைக் கேமரா பக்கம் திருப்புகிறேன், தெரிகிறதா? வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று கட்டம். ஓரத்தில் இடங்களின் பெயருக்குப் பதிலாக மணியைத்தான் எழுதியிருக்கிறேன். செப்டம்பர் கடைசியில் ஸ்பெயினில் இருக்கிற வலென்சியா போகிறேன். விசா கதையைப் போன வீடியோவிலேயே புலம்பித் தீர்த்தாயிற்று, அதனால் இன்று திட்டம் மட்டும்.

ஏன் மணி? இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஸ்பானிய ஊரில், இரவு ஒன்பது மணிக்கு, வாசலில் கலர் போட்டோ ஒட்டியிருந்த கடையில் பாயேயா என்கிற அரிசிச் சாப்பாடு கேட்டேன். வந்தது பளீர் மஞ்சள் சோறு. ஓரம் கொதிக்கிறது, நடுவில் சில்லென்று இருக்கிறது. பிறகுதான் தெரிந்தது, பாயேயா பிறந்த வலென்சியாக்காரர்களுக்கு அது மதியச் சாப்பாடு. ராத்திரியில் தேடிப் போனது என் தப்பு. வலென்சியாவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. அதைத் தவறவிட்டால் ஊரையே தவறவிட்ட மாதிரி.

சரி, மாட்ரிட்டில் இறங்கி அதிவேக ரயில், இரண்டு மணி நேரத்துக்குள் வலென்சியா. புதன் இரவே போய்ச் சேர வேண்டும். வியாழன் மதியம் பன்னிரண்டு மணியை விடவே கூடாது.

அந்த நேரத்தில் கதீட்ரலின் அப்போஸ்தலர் வாசலில், பாசனத் தண்ணீர்ச் சண்டைகளைத் தீர்க்கிற தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. ஊரைச் சுற்றியுள்ள எட்டு வாய்க்கால்களுக்கு எட்டுப் பிரதிநிதிகள். எல்லோரும் விவசாயிகள், கறுப்பு அங்கி போட்டு வட்டமாக உட்காருவார்கள். சேவகர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் கூப்பிட்டு, யார் மேலாவது புகார் உண்டா என்று கேட்பார். விசாரணை எல்லாம் வாய்மொழிதான். புகார் இல்லையென்றால் சில நிமிடத்தில் கலைந்துவிடுவார்கள். பல வாரங்களில் அப்படித்தான் நடக்குமாம். இதற்கா ஒரு டிரிப்பைத் திருப்பிப் போட்டாய் என்று என் தம்பி கேட்டான். மடை திறக்கிற சண்டை ஊர்ப் பஞ்சாயத்துக்கு வருவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது கோயில் திருவிழா மாதிரிடா என்றேன். அரபு ஆட்சிக்காலத்திலிருந்து வருகிற வழக்கம் என்பார்கள். 2009இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள்.

அதற்கு முன்னால் பத்து மணிக்கு எஸ்மோர்சாரெத். காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு சாப்பாடு! ஒரு முழ நீள ரொட்டிக்குள் அடைத்த சாண்ட்விச், பக்கத்தில் தோலோடு வறுத்த வேர்க்கடலை, ஆலிவ். கடைசியில் ரம்மைச் சர்க்கரையோடு கொளுத்தி, அதன் மேல் காபி ஊற்றித் தருவார்கள். அதை நான் முகர்ந்து பார்ப்பதோடு சரி.

வியாழன் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் மெட்ரோ ஏறிப் பக்கத்து ஊரான அல்போராயா. அங்கே ஓர்சாத்தா குடிக்க வேண்டும். பார்க்கப் பால் மாதிரி இருக்கும், ஆனால் பால் ஒரு சொட்டு கிடையாது. கோரைப்புல் இனத்துக் கிழங்கை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, சர்க்கரை சேர்த்துக் குளிரக் குளிரத் தருவது. நம்ம வயலில் களையென்று பிடுங்கிப் போடுகிற கோரைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். தொட்டுச் சாப்பிட ஃபார்தோன் என்று நீளமாக ஒரு மெத்தென்ற இனிப்பு ரொட்டி.

வெள்ளிக்கிழமை முழுக்க அல்புஃபேராவுக்கு. நகரத்துக்குத் தெற்கே பத்து கிலோமீட்டர் சொச்சத்தில் பெரிய ஏரி, அதைச் சுற்றி நெல் வயல். செப்டம்பர் அறுவடைக் காலம். எல் பால்மார் என்கிற கிராமம் வரை நகரப் பேருந்தே போகிறது. மதியம் இரண்டு மணிக்கு அங்கேதான் பாயேயா. கோழி, முயல், பட்டையான பச்சை பீன்ஸ், வெள்ளை மொச்சை மாதிரி ஒரு பெரிய கொட்டை, தக்காளி, குங்குமப்பூ. மட்டி, இறால் போட்டது வேறு வகை. பாயேயா என்ற பெயரே அந்த அகலமான தட்டைச் சட்டியைக் குறிப்பதுதான். அரிசியை ஒரு விரல் உயரத்துக்கு மேல் போடமாட்டார்கள், போட்ட பிறகு கிண்டவும் மாட்டார்கள். அடியில் பிடிக்கிற காந்தலுக்குச் சோகர்ராத் என்று பெயர், அதற்குத்தான் அடிதடி. நம்ம வீட்டில் அடிப்பிடித்தால் திட்டு விழும்!

ஒரு சிக்கல். குறைந்தது இரண்டு பேருக்குத்தான் பாயேயா போடுவோம் என்பது பல கடைகளில் சட்டம். நான் ஒற்றை ஆள். மூன்று கடைக்கு எழுதிக் கேட்டேன், ஒருவர் சரி என்றார். அவரும் கைவிட்டால், வார நாட்களில் மதியம் ‘மெனு தெல் தியா’ என்று நிர்ணய விலைச் சாப்பாடு கிடைக்கும், அதில் பெரும்பாலும் ஏதாவது ஒரு அரிசி வகை இருக்கும். சைவக்காரர்கள் காய்கறி பாயேயா கேட்கலாம். ஆனால் எந்தச் சாறில் வெந்தது என்று கேட்டுவிட்டுக் கரண்டியை எடுங்கள். சாப்பிட்டுவிட்டு வரப்போரம் நடை, எட்டு மணி வாக்கில் சூரியன் மறையும்போது படகு.

சனிக்கிழமை காலை மத்தியச் சந்தை. 1928இல் திறந்தது, கூரை உச்சியில் காற்றுத் திசை காட்ட ஒரு கிளி. மதியம் மூன்றுக்கு மூடிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை. தெருவைத் தாண்டினால் பட்டு வணிகர்களின் பழைய மண்டபம் லோன்ஹா. உள்ளே கயிறு திரித்த மாதிரி கல் தூண்கள். அங்கே ஞாயிறு இலவசம்தான், ஆனால் ஞாயிறு போனால் சந்தை போச்சு. டிக்கெட் வாங்கிவிடலாம்.

அப்புறம் துரியா பூங்கா. 1957 வெள்ளத்துக்குப் பிறகு துரியா ஆற்றையே ஊருக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். வறண்ட படுகையில் நெடுஞ்சாலை போடத் திட்டம் வந்தபோது மக்கள் எதிர்த்து நின்று அதைத் தோட்டமாக்கினார்கள். கிட்டத்தட்ட ஒன்பது கிலோமீட்டர், வாடகை சைக்கிளில் போகிறேன். கடல் பக்கமாக மிதித்தால் கட்டடக் கலைஞர் கலாத்ராவாவின் வெள்ளைக் கட்டடங்கள் வரும். வெளியிலிருந்து பார்த்தால் எனக்குப் போதும்.

சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் கட்டம் காலியாக இருக்கிறது, பாருங்கள். அந்த நேரத்தில் நிறையச் சின்னக் கடைகள் ஷட்டரை இறக்கியிருக்கும். நானும் அறைக்குப் போய்த் தூங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன்.